எலித்தீவுக்கு மேலே ஒரு வானம்: கோர்ஃபுவின் நீர்வண்ண ஓவியர் யல்லினாஸ்

நடுவில் கடல். கடலில் இரண்டு சின்னத் தீவுகள். முன்னால் இருப்பதில் நீர்மட்டத்தோடு ஒட்டிய ஒரு வெள்ளைக் கட்டடம், அதற்கு ஒரு மணிக்கோபுரம். சற்றுத் தள்ளி இருப்பது சைப்ரஸ் மரங்கள் அடர்ந்த ஒரு மேடு. அதற்கும் அப்பால் மங்கலாக மலைகள். மேலே வானம், படத்தில் ஏறக்குறையப் பாதி.

கிரேக்கத்தின் கோர்ஃபுத் தீவில் கனோனி என்ற முனையில் நின்றால் தெரியும் காட்சி இது. கனோனி என்றால் பீரங்கி. பிரெஞ்சுக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே பீரங்கி நிறுத்தியிருந்ததால் வந்த பெயர். வெள்ளைக் கட்டடம் 17ஆம் நூற்றாண்டின் வ்லாகெர்னா மடம். மரங்கள் அடர்ந்த மேடு பொந்திக்கொனிசி, தமிழில் சொன்னால் எலித்தீவு. ஒடிசியஸை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த கப்பலைக் கடல் தெய்வம் கோபத்தில் கல்லாக்கியது என்று ஹோமர் சொல்கிறாரே, அந்தக் கல்தான் இந்தத் தீவு என்பது உள்ளூர்க்காரர்களின் நம்பிக்கை.

ஆங்கெலோஸ் யல்லினாஸ் (1857–1939) இதைத் தம் வாழ்நாளில் ஒருமுறை இருமுறை அல்ல, திரும்பத் திரும்ப வரைந்தார். கோர்ஃபுவின் பழைய கோட்டை, கரித்சா வளைகுடா, ஒலிவத் தோப்புகள், ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் என்று அவர் வரைந்த இடங்கள் பல இருந்தாலும், கனோனிக் காட்சியில்தான் அவருடைய பலமும் பலவீனமும் ஒரே தாளில் கிடைக்கின்றன. பார்க்கும்போது சுலபமாக இருக்கிறது. விடுமுறைக்கு வந்தவர் வாங்கிப்போகும் அஞ்சலட்டை மாதிரிக்கூட இருக்கிறது. அந்தச் சுலபம் எப்படி உண்டாக்கப்பட்டது என்று பிரித்துப் பார்த்தால்தான் மனிதரின் கைத்திறம் தெரியவரும்.

முதலில் அந்த வெள்ளைச் சுவரை எடுத்துக்கொள்வோம். அங்கே வண்ணம் கிடையாது. அது வெறும் தாள். நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது தாளின் வெண்மைதான். மேலே பூசப்படும் வண்ணம் கண்ணாடித்தாள் போல அதை வடிகட்டி அனுப்புகிறது. எண்ணெய் ஓவியர் கடைசியில் வெள்ளையை எடுத்து வெளிச்சத்தை வைக்கலாம். நீர்வண்ணக்காரர் முதல் கரைசலைத் தொடும் முன்பே எந்த இடத்தைத் தொடக்கூடாது என்று முடிவு செய்திருக்க வேண்டும். சீன வெள்ளை என்ற பெயரில் துத்தநாக வெள்ளை 1834 முதல் கடையில் கிடைத்தது உண்மைதான். ஆனால் அது ஒளிபுகா வண்ணம். வைத்த இடம் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரித் தனியாகத் தெரியும்.

தீவில் பிறந்த இத்தாலியக் கை

யல்லினாஸ் பிறந்தபோது கோர்ஃபு கிரேக்க நாட்டில் இல்லை. 1386 முதல் 1797 வரை வெனிஸ் ஆட்சி. பிறகு பிரெஞ்சு, ரஷ்ய–துருக்கிய, மறுபடி பிரெஞ்சுக் கைகள். 1815 முதல் பிரிட்டிஷ் பாதுகாப்பு. கிரேக்கத்தோடு இணைந்தது 1864-இல், அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது. துருக்கிய ஆட்சியில் கிடந்த கிரேக்க நிலப்பகுதிக்கும் இந்தத் தீவுக்கும் இதனால் பெரிய வேறுபாடு. இங்கே படித்தவர் வீட்டு மொழி இத்தாலியம், இசை இத்தாலிய ஓபரா, ஓவியம் வெனிஸிலிருந்தும் நேப்பிள்ஸிலிருந்தும் வந்தது.

ஏதென்ஸ் ஓவியர்கள் அந்தக் காலத்தில் படிக்கப் போன இடம் மியூனிக். கைசிஸ், வொலனாகிஸ், லைத்ராஸ் என்று பெயர்பெற்றவர்கள் எல்லாரும் அங்கே போய்ப் பெரிய எண்ணெய் ஓவியங்கள், பழுப்பு நிழல்கள், வரலாற்றுக் காட்சிகள், கிராமத்து வீட்டுக் காட்சிகள் என்று கற்றுத் திரும்பினார்கள். கோர்ஃபுக்காரருக்கு மேற்கே கடலைத் தாண்டினால் இத்தாலி. ஹராலம்போஸ் பஹிஸ் என்ற ஓவியர் ரோமில் படித்துத் திரும்பி 1870-இல் கோர்ஃபுவில் ஒரு தனியார் ஓவியப் பள்ளி தொடங்கினார். யல்லினாஸ் 1872 முதல் 1875 வரை அங்கே படித்தார். பிறகு வெனிஸ், நேப்பிள்ஸ், ரோம். 1878-இல் ஊர் திரும்பினார்.

அந்த மூன்று ஊர்களும் அவருக்குத் தந்தது என்ன என்பது முக்கியம். வெனிஸில் ஊர்க்காட்சிகளை அளவுசுத்தமாக வரைந்து பயணிகளுக்கு விற்கும் தொழில் நூறாண்டுப் பழையது. நேப்பிள்ஸில் போசிலிப்போ குழு எனப்பட்ட இயற்கைக்காட்சி ஓவியர்கள், குறிப்பாக ஜியாச்சின்த்தோ ஜிகாந்தே, வெளியிலேயே உட்கார்ந்து சின்ன அளவில் கடலோரக் காட்சிகளை நீர்வண்ணத்தில் வரைந்தார்கள். ரோமில் 1870-களில் நீர்வண்ணக்காரர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்துக் கண்காட்சி நடத்தும் அளவுக்கு வளர்ந்திருந்தார்கள். எண்ணெய் ஓவியத்துக்கு முன்தயாரிப்பு என்ற நிலையிலிருந்து நீர்வண்ணம் தனிச்சரக்காக விலைபோகத் தொடங்கிய காலம் அது. இளைஞர் ஒருவர் அதையே வாழ்க்கைத் தொழிலாக எடுத்துக்கொள்வது இத்தாலியில் புதுமையல்ல; கிரேக்கத்தில் புதுமை. அதே பள்ளியில் படித்த விகெந்தியோஸ் பொக்கெச்சியாம்பேயும் இதே வழியில் போனார். மற்றபடி பெரிய துணை இல்லை.

முதல் கண்காட்சி 1886-இல் ஏதென்ஸில். அவர் வாழ்க்கையைத் திருப்பிய ஆள் பிரிட்டிஷ் தூதர் கிளேர் ஃபோர்டு. வெனிஸ், டால்மேஷியா, கோர்ஃபு, ஏதென்ஸ், ரோட்ஸ், கான்ஸ்டான்டினோபிள், ஸ்பெயின் ஆகிய இடங்களின் காட்சிகளை ஒரு தொகுப்பாக வரைந்து தரும்படி கேட்டார். ஃபோர்டு ஏதென்ஸில் இருந்துவிட்டு மாட்ரிட், கான்ஸ்டான்டினோபிள், ரோம் என்று பதவி மாறியவர் என்பதைப் பார்த்தால் அந்தப் பட்டியல் ஏன் அப்படி இருக்கிறது என்று புரியும். அவருடைய தந்தை ரிச்சர்ட் ஃபோர்டு, ஸ்பெயின் பயணிகளுக்கான புகழ்பெற்ற வழிகாட்டியை எழுதியவர், தாமே ஊர்ஊராக வரைந்து திரிந்தவர். காட்சியை வாங்கும் பழக்கம் குடும்பத்திலேயே இருந்தது.

1891-இல் லண்டனில் கண்காட்சி. ஆங்கிலப் பிரபுக்கள் வாடிக்கையாளர்கள் ஆனார்கள். ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் கோர்ஃபுவில் காஸ்தூரி என்ற ஊருக்கருகே அகிலியோன் அரண்மனையைக் கட்டியபோது அதற்கான ஓவியப் பணியும் யல்லினாஸிடம் வந்தது. 1902-இல் அவர் கோர்ஃபுவில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். வாழ்க்கைக் குறிப்பாக இதற்கு மேல் பரபரப்பு ஒன்றும் இல்லை. வறுமையில்லை, கலகமில்லை, ஊரைவிட்டு ஓடியதுமில்லை.

ஒரு சின்ன அடையாளம் மட்டும் கவனிக்கத்தக்கது. அவருடைய பல படங்களின் மூலையில் கையெழுத்து கிரேக்க எழுத்தில் இல்லை. லத்தீன் எழுத்தில், இத்தாலியப் பாணியில், கடைசி ‘ஸ்’ இல்லாமல் ‘ஏ. ஜியல்லினா’ என்று இருக்கிறது. வாங்குபவர் வாசிக்க வேண்டுமே.

தாளிலிருந்து வானம் வரை

கனோனிக் காட்சி போன்ற ஒரு படத்தை 19ஆம் நூற்றாண்டு முறையில் வரையும்போது என்னென்ன நடக்கிறது என்று வரிசையாகப் பார்க்கலாம். நீர்வண்ணத்தில் வரிசைதான் எல்லாம். ஒரு படி முன்பின் ஆனால் படம் போய்விடும்.

தாள் பருத்தி அல்லது லினன் கந்தலிலிருந்து செய்தது, மேலே ஜெலட்டின் பூசியது. அந்த ஜெலட்டின்தான் வண்ணத்தைத் தாளுக்குள் இறங்கவிடாமல் மேலேயே பிடித்து வைக்கிறது. பூச்சு போன தாளில் வண்ணம் மை உறிஞ்சும் தாளில் விழுந்த மாதிரிப் பரவி, செத்துப்போன நிறமாகக் காயும். பென்சில் கோட்டைப் பலமுறை ரப்பரால் அழித்த இடத்தில் பிற்பாடு கறை போலத் தெரிவதும் இதனால்தான்.

சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளாக இருந்தால் ஐந்து முதல் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, பலகையில் பரப்பி, நான்கு ஓரத்தையும் பசைநாடாவால் ஒட்டி, பலகையைப் படுக்கவைத்தே இரவு முழுக்கக் காயவிட வேண்டும். நனைந்தால் தாள் விரியும், காய்ந்தால் சுருங்கும். விரிந்த நிலையில் ஓரங்களைப் பிடித்துவிட்டால் காயும்போது முரசுத்தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். பலகையை நிமிர்த்தி வைத்துக் காயவிட்டால் மேல்பாதி முதலில் காய்ந்து இழுக்க, கீழ்ப்பக்க நாடா பிய்த்துக்கொள்ளும். இந்த வேலையைச் சோம்பலில் விட்டால் வானம் பூசும்போது தாள் மேடுபள்ளமாகி, பள்ளத்தில் வண்ணம் குட்டை கட்டும். பிறகு எந்தத் திறமையும் அதைக் காப்பாற்றாது.

வானத்துக்கு இரண்டு பூச்சு. முதல் பூச்சு சூடானது. மஞ்சள் காவியில் ஒரு துளி ரோஸ் மேடர் என்ற இளஞ்சிவப்பைக் கலந்து, டீயை விடவும் வெளிறியதாகக் கரைத்து, மடத்தின் சுவரையும் பாய்மரத்தையும் விட்டுவிட்டுத் தாள் முழுக்க ஓட்டிவிடுவது. அது நன்றாகக் காய்ந்தபின் மேலிருந்து கோபால்ட் நீலம். கீழே இறங்க இறங்கத் தண்ணீர் சேர்த்து வெளிறச் செய்து, மலைக்குச் சற்று மேலே ஒன்றுமில்லாமல் கரைந்துவிட வேண்டும். நீலத்துக்கு அடியில் அந்த இளஞ்சிவப்பு கலந்த மஞ்சள் இருப்பதால்தான் அடிவானத்தில் விடிகாலையோ மாலையோ என்று சொல்லமுடியாத வெதுவெதுப்பு வருகிறது. யல்லினாஸின் வானங்கள் மனதில் நிற்பது இந்த இடத்தில்தான்.

கரைசலில் கஞ்சத்தனம் கூடாது. 56-க்கு 38 சென்டிமீட்டர் தாளின் மேல்பாதிக்கு ஒரு கிண்ணத்தில் 40–50 மில்லி தயாராக இருக்க வேண்டும். பாதி வழியில் தீர்ந்து மறுபடி கலக்கப் போனால் திரும்பி வருவதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். பலகையின் மேல்விளிம்பை ஐந்தாறு சென்டிமீட்டர் உயர்த்தி, பெரிய பிரஷால் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. கீழ்விளிம்பில் நீர் ஒரு மணிச்சரம் போலத் திரளும். அடுத்த இழுப்பு அந்தச் சரத்தைத் தொட்டு அதைக் கீழே இறக்கிக்கொண்டு போகும். முடிவில் சரத்தைப் பிழிந்த பிரஷால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால், மேலே பாதி காய்ந்த பகுதிக்குள் அந்தத் தண்ணீர் திரும்ப ஏறி, நிறத்துகளைத் தள்ளிக்கொண்டு போய்ப் பூக்கோசு மாதிரி சுருள்சுருளான விளிம்போடு காயும். ஓவியர்கள் இதைக் காலிஃப்ளவர் என்றே சொல்வார்கள். ஈரம் மின்னும்போது திருத்தலாம், முழுக்கக் காய்ந்தபின் திருத்தலாம். மின்னல் மறைந்து தாள் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் அந்த இடைநேரத்தில் மட்டும் கைவைக்கவே கூடாது. காய்ந்தபின் நிறம் நன்றாகவே வெளிறும் என்பதையும் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஈரத்தில் சரியாகத் தெரியும் வானம் காய்ந்தால் சோகையாக இருக்கும்.

கோர்ஃபுவின் தட்பவெப்பம் இதற்கு ஒத்துழைப்பதில்லை. கோடையில் மழையே அரிது. வெயிலில் கரைசல் இழுத்த இடத்திலேயே காயும். அக்டோபர் முதல் மார்ச் வரை கிரேக்கத்திலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று அது. தாள் காயவே காயாது. அமைதியான பெரிய வானப் பூச்சை வெளியில் உட்கார்ந்து சாதிக்க வருடத்தில் கொஞ்ச நாட்களே கிடைக்கும். வெளியில் குறிப்பு, வீட்டில் இறுதிப்படம் என்ற முறை பரவலாக இருந்ததற்குக் காரணம் சோம்பல் அல்ல, இதுதான்.

மலைகள் வானத்தின் அதே நீலத்தில் கொஞ்சம் செந்நிறம் சேர்த்து வருகின்றன. புது நிறம் எடுக்கக் கூடாது; எடுத்தால் மலை வானத்திலிருந்து வெட்டி ஒட்டிய மாதிரி நிற்கும். கிட்டே வரும் ஒவ்வொரு மலைக்கும் காவி சற்றுக் கூடும், நீலம் குறையும். அடிவாரத்தைச் சுத்தமான ஈரப் பிரஷால் கரைத்துவிட்டால் கடலோர மூட்டம் தானாக வரும். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பூச்சு போதும். நாலாவது போகும்போது அடியிலிருந்து தாளின் வெளிச்சம் வருவது நின்று நிறம் சேறாகிவிடும்.

இனி கடல். தெரியாதவர் ஒருவர் இந்தப் படத்தைப் போலி செய்தால் அகப்பட்டுக்கொள்ளும் இடம் இதுதான். கனோனி ஒரு மேட்டு முனை. கடலை மேலிருந்து பார்க்கிறோம். நேர் செங்குத்தாகப் பார்க்கும்போது தண்ணீர் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 2 சதவிகிதத்தை மட்டுமே பிரதிபலிக்கும். மீதி உள்ளே போய்விடும். பார்வை சாயச்சாயப் பிரதிபலிப்பு கூடிக்கொண்டே போகும். ஆகவே நம் காலடிக்குக் கீழே உள்ள கடலில் வானம் தெரியாது. மணலும் பாசியும் சேர்ந்த பச்சைதான் தெரியும். தூரத்துக் கடல் வானத்தின் நிறத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஒரே கரைசலை மேலிருந்து கீழ்வரை ஓட்டினால் கடல் படுக்காது, சுவர் மாதிரி எழுந்து நிற்கும்.

பிரதிபிம்பம் இன்னும் நுட்பம். வெள்ளைச் சுவரின் பிம்பம் சுவரைவிட ஒரு படி மங்கல். சைப்ரஸின் பிம்பம் மரத்தைவிட ஒரு படி வெளிர். இரண்டும் நடுநிறத்தை நோக்கி நகர்கின்றன. பிம்பம் என்பது மேலே இருப்பதைத் தலைகீழாகப் பிரதி எடுப்பதும் அல்ல. உயரத்திலிருந்து பார்க்கும்போது நீருக்குள் தெரிவது, நீர்மட்டத்துக்குக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியுமோ அது. பொந்திக்கொனிசியின் உச்சியில் மரங்களுக்கு நடுவே பைசாந்தியக் காலத்துச் சிறு கோவில் இருக்கிறது. நேரே பார்த்தால் அதன் வெள்ளை எட்டிப்பார்க்கும். நீரில் பார்த்தால் கரையோரப் பாறையும் முன்வரிசை மரங்களும் அதைப் பெரும்பாலும் மறைத்துவிடும். புகைப்படத்தையோ நினைவையோ வைத்துக் கீழே ஒரு தலைகீழ்க் கோவிலைப் போடுகிறவர் கண்ணால் பார்த்து வரையவில்லை என்று அர்த்தம்.

கடல்மேல் மினுமினுப்புக்கு இரண்டு வழி. பிரஷில் ஈரத்தைக் குறைத்து, தாளின் சொரசொரப்பின்மேல் படுக்கவைத்து வேகமாக இழுத்தால் மேடுகளில் மட்டும் வண்ணம் ஒட்டி, பள்ளங்கள் வெள்ளையாகவே நிற்கும். இல்லையென்றால், எல்லாம் காய்ந்தபின் கூர்க்கத்தியால் சுரண்டித் தாளின் வெண்மையை வெளியே எடுப்பது. ஈரமிருக்கும்போது சுரண்டினால் தாள் நாரெழும், வெள்ளைக்குப் பதில் அந்த இடம் வண்ணத்தை இழுத்து இன்னும் கறுக்கும்.

ஒலிவமரம் இருந்தால் இன்னொரு சோதனை. வெனிஸ் அரசு ஊக்கத்தொகை கொடுத்து நடச்சொன்னதால் தீவு முழுக்க ஒலிவம்தான், வெட்டிக் குட்டையாக்காமல் ஓங்கி வளரவிட்டவை. இலையின் அடிப்பக்கம் வெள்ளி. பெட்டியிலிருந்து எடுத்த பச்சை எதுவும் இதற்கு ஆகாது. கோபால்ட்டும் காவியும், சாம்பல் தட்ட ஒரு துளி சிவப்பும் சேர்த்தால்தான் அந்தத் தூசி படிந்த பச்சை வரும். சைப்ரஸ் கடைசி: அவுரி நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் சேர்ந்த, படத்திலேயே மிக ஆழ்ந்த நிறம், ஒரே தொடுதலில். அந்த இருள் விழுந்தவுடன்தான் அதுவரை வெளிறிக் கிடந்த வானம் ஒளிவிடத் தொடங்கும். பொறுமையில்லாதவர் பாதியிலேயே வானம் போதவில்லை என்று இன்னொரு பூச்சு கொடுத்துக் கெடுப்பது இதை எதிர்பார்க்கத் தெரியாததால்.

வாங்குபவர் கேட்ட ஊர்

நீர்வண்ணத்தை அவர் தேர்ந்ததற்கு ஒளி மட்டும் காரணமல்ல. கப்பலில் வந்து சில வாரம் தங்கிப்போகும் சீமாட்டிக்கு எண்ணெய்த் திரைச்சீலை தொல்லை. காய மாதக்கணக்காகும், சட்டத்தோடு சுமக்க வேண்டும். நீர்வண்ணத் தாளை அன்று மாலையே கோப்பில் வைத்து எடுத்துப்போகலாம். அவருடைய படங்களில் பல, உயரத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு அகலமுள்ள நீள்வடிவம். தூரத்துக் கடற்கரையை ஒரே பார்வையில் சுருட்டிக் கொடுக்கத் தோதான அளவு.

விலை கொடுப்பவர் விருப்பம் காட்சிக்குள்ளும் புகுந்தது. இந்தப் படங்களில் மனிதர்கள் எறும்பளவில்தான் வருகிறார்கள்: ஒரு படகோட்டி, சுமையோடு நடக்கும் ஒரு பெண். நடந்துகொண்டிருந்த காலத்தின் ஓசை அனேகமாகக் கேட்பதே இல்லை. 1923 ஆகஸ்டில் முசோலினியின் கப்பல்கள் கோர்ஃபுவின் பழைய கோட்டையைக் குண்டுவீசித் தாக்கியபோது அவர் உயிரோடிருந்தார். அதே கோட்டையைத்தான் மாலை வெயிலில் மிதக்கும் கனவாக வரைந்து வந்தார். பாரிஸில் ஓவியம் இரண்டுமூன்று முறை தலைகீழாகப் புரண்டுவிட்ட காலம் முழுக்க அவர் அதே கோபால்ட் வானத்தை அதே நேர்த்தியோடு ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு பத்துப் படத்தை வரிசையாகப் பார்த்தால் அலுப்புத் தட்டுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தனியாக ஒன்றைப் பார்த்தால் அப்படித் தோன்றுவதில்லை.

இதே காட்சியை அவருக்கு முன்னால் வரைந்தவர் ஆங்கிலேயர் எட்வர்ட் லியர். 1850-களிலும் 60-களிலும் பல குளிர்காலங்களைக் கோர்ஃபுவில் கழித்தவர். அவர் செய்முறை நேர் எதிர். நின்ற இடத்தில் பென்சிலால் வேகமாகக் கோடிழுத்து, அங்கங்கே நிறத்தின் பெயரைச் சொல்லாகவே எழுதிவைத்துக்கொண்டு, பிற்பாடு மையால் கோட்டை உறுதிசெய்து மெல்லிய வண்ணம் ஏற்றுவார். எழுத்துக் குறிப்புகள் படத்திலேயே நிற்கும். லியரிடம் கோடு எலும்பு. யல்லினாஸிடம் கோடு வண்ணத்துக்கு அடியில் மறைந்துபோகிறது. லியரின் பணியாளர் ஜியார்ஜியோ கோக்கலி கோர்ஃபுவில் வேலைக்குச் சேர்ந்தவர். இருவரும் 1874-இல் நம் பக்கம் வந்து காஞ்சிபுரம், மாமல்லபுரம், திருச்சி, தஞ்சாவூர் எல்லாம் சுற்றினார்கள். கோர்ஃபுவின் ஒலிவத்துக்குப் பழகிய அதே முறையில் லியர் தென்னையையும் கோபுரத்தையும் வரைந்து கொண்டுபோனார்.

வெளிச்சம் தின்னும் வெளிச்சம்

இன்று ஒரு யல்லினாஸைப் பார்க்கும்போது அவர் பூசிய நிறத்தையே பார்க்கிறோமா என்பது தனிக் கேள்வி. நீர்வண்ணத்தில் நிறத்துகளைத் தாளோடு பிடித்திருப்பது வேலமரப் பிசின்தான். மேலே வார்னிஷ் இல்லை, எண்ணெய்ப் படலம் இல்லை. துகள் வெளிச்சத்துக்கு நேராக நிற்கிறது. ரஸ்ஸல், ஆப்னி என்ற இரு அறிவியலாளர்கள் பிரிட்டிஷ் அரசுக்காக இதைச் சோதித்து 1888-இல் அறிக்கை கொடுத்தார்கள். அவுரி நீலம், கார்மைன் சிவப்பு, கம்போஜ் மஞ்சள் போன்றவை வெளிச்சத்தில் வெளுத்தன. காவிகள், கோபால்ட் போன்றவை தாக்குப்பிடித்தன. விளைவு விநோதமானது. அவுரி நீலத்தோடு இரும்புச் சிவப்பைக் கலந்து சாம்பல் மேகம் வரைந்த 19ஆம் நூற்றாண்டுப் படங்களில் நீலம் ஓடிப்போய்ச் சிவப்பு மட்டும் நிற்க, மழைமேகம் இன்று அந்திவானமாகத் தெரிகிறது. கம்போஜ் போன மரங்கள் நீலமாக நிற்கின்றன. ஆகவே பழைய நீர்வண்ணத்தில் வானம் ‘என்ன அழகான ரோஜா நிறம்’ என்று வியப்பதற்கு முன் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது.

அருங்காட்சியகங்கள் இப்படிப்பட்ட படங்களுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் கொடுப்பதில்லை. சில மாதம் காட்டிவிட்டு இருட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். ஈரப்பதம் 50 சதவிகிதத்தை ஒட்டி இருக்க வேண்டும். 65-ஐத் தாண்டி நின்றால் ஜெலட்டின்மேல் பூஞ்சை பிடித்துப் பழுப்புப் புள்ளிகள் கிளம்பும். கடற்கரை வீடுகளில் தலைமுறையாகத் தொங்கிய படங்களில் இந்தப் புள்ளிகள் சாதாரணம். வானத்தில் விழுந்தால்தான் அதிகம் கண்ணை உறுத்தும், ஏனென்றால் அங்கே வண்ணம் மெல்லியது. ப்ளீச் போட்டுத் தாமாக எடுக்கப்போகிறவர்கள் புள்ளியோடு நீலத்தையும் எடுத்துவிடுகிறார்கள். பின்பக்கம் மரப்பலகையோ மலிவான அட்டையோ வைத்திருந்தால் அதன் அமிலம் தாளில் இறங்கி, பலகையின் ரேகை படத்தின் முகத்திலேயே பழுப்பாக எழும். சட்டம் போடுபவரிடம் பருத்தி அட்டை, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, கண்ணாடி தாளைத் தொடாதபடி மூன்று மில்லிமீட்டராவது இடைவெளி என்று மூன்றையும் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

கனோனியும் மாறிவிட்டது. யல்லினாஸ் படங்களில் மேற்கே கண்ணாடி போலக் கிடக்கும் ஹலிகியோபுலு உப்பங்கழிக்குள் இப்போது விமான ஓடுபாதை, 2,300 மீட்டருக்கு மேல். வ்லாகெர்னாவின் மணிக்கோபுரத்துக்கு மேலே விமானம் தாழ்ந்து இறங்குவதைப் படமெடுக்கவே கூட்டம் கூடுகிறது. ஊருக்குள் 1943 செப்டம்பர் ஜெர்மானியக் குண்டுவீச்சில் நகராட்சி நாடக அரங்கு உட்பட நிறையக் கட்டடங்கள் எரிந்தன. எஞ்சிய பழைய நகரம் 2007-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

பழைய சட்டத்தில் இருக்கும் அவர் படம் ஒன்று காப்பகத்தார் கைக்கு வந்தால் அவர்கள் முதலில் பார்ப்பது நடுவை அல்ல, ஓரத்தை. சுற்றிலும் வைத்த அட்டை மூடியிருந்த ஐந்தாறு மில்லிமீட்டர் பட்டையில் நூறாண்டாக வெளிச்சம் படவில்லை. அட்டையைத் தூக்கினால் அங்கே ஒரு கோடு போட்ட மாதிரி நிறம் மாறும். உள்ளே வெளிச்சம் தின்று தணிந்துபோன வானம். வெளியே, விரல் நக அகலத்துக்கு, அவர் அன்று காலை கிண்ணத்தில் கரைத்த நிறம்.